ரிலீஸ் அன்றே தனி விலையில் ஒரு அத்தியாயம்: கேம் வாங்கியவருக்கு என்ன உரிமை?

ஈரோட்டு வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 27, ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறோம். கேமின் பெயரையும் விட்டுவிட்டோம்.

பல வருடமாக எதிர்பார்த்த ஒரு கதை கேமின் ஸ்டாண்டர்ட் எடிஷனை, ரிலீசுக்கு ஏழு வாரம் முன்பே ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் ரூ.3,999 கட்டி ப்ரீ-ஆர்டர் செய்திருக்கிறார். ரிலீஸ் அன்று விளையாட உட்கார்ந்தார். இரண்டாவது மணி நேரத்திலேயே முகாமில் ஒரு வயதான பாத்திரம் இவரிடம் வந்து தன் மகனைத் தேடித்தரும்படி கேட்கிறது. சரி என்றதும் அந்தப் பணி பட்டியலில் ஏறுகிறது, வரைபடத்தில் குறியும் விழுகிறது. அங்கே போய்க் கதவைத் தொட்டால் கடைப் பக்கம் திறக்கிறது: 'இந்த அத்தியாயம் ரூ.1,099'. கேமின் முதல் ட்ரெய்லரில் நாயகனோடு தோளுக்குத் தோள் நின்ற போர்வீரன் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறான்.

ஒன்பது நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, எரிச்சலோடு அந்த அத்தியாயத்தையும் வாங்கிவிட்டார். இன்னும் அதைத் தொடவில்லை. வாங்கிய பிறகு கேமை ஒரே ஒருமுறை, நாற்பது நிமிடம் ஓட்டியதோடு சரி. இதற்கிடையில் நண்பர் ஒருவர் கேம் ஃபோல்டரைத் துழாவி, போர்வீரனின் உருவமும் குரல் ஃபைல்களும் முதல் நாளே இறங்கிவிட்டதாகக் கண்டுபிடித்திருக்கிறார். ஒரு சின்ன ஃபைலை மாற்றினால் பூட்டு திறந்துவிடும் என்றும் சொல்கிறார்.

வாசகரின் கேள்விகள் இவை. 'இடைவேளைக்குப் பிறகு கிளைமாக்ஸ் பார்க்கத் தனி டிக்கெட் எடு என்பது போல இருக்கிறது. இது மோசடிதானே? என் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை நான் திறந்தால் என்ன தப்பு? வெளிநாட்டு கம்பெனி மேல் ஈரோட்டில் கேஸ் போட முடியாது என்கிறார்கள், எனவே பேங்கில் சொல்லி இரண்டு பணத்தையும் திரும்ப வாங்கிவிடலாமா? எனக்குச் சின்ன யூடியூப் சேனல் இருக்கிறது, மாதம் ஓரிரு ஆயிரம் வரும். அதில் இந்த கம்பெனியின் திருட்டுத்தனத்தை அம்பலப்படுத்தப் போகிறேன். ஒரு லட்சம் நஷ்ட ஈடு கேட்கலாமா?'

முதலில் கேமைத் திறக்காமல் இருங்கள்

சட்டம், நியாயம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இந்தப் பகுதியை மட்டும் உங்களுக்குத் தனி மின்னஞ்சலில் முன்பே அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

ஸ்டீமில் ரீஃபண்ட் விதி கேமுக்கு ஒரு மாதிரி, கூடுதல் அத்தியாயத்துக்கு வேறு மாதிரி. கேமுக்கு, வாங்கி 14 நாளுக்குள் இருக்க வேண்டும், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். ப்ரீ-ஆர்டர் என்றால் ரிலீசுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ரிலீஸ் ஆனபின் இந்த 14 நாள், 2 மணி கணக்கு அன்றிலிருந்து ஓடும். நீங்கள் 31 மணி நேரம் விளையாடிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனவே ரூ.3,999 அந்த வழியில் திரும்பாது.

கூடுதல் அத்தியாயத்துக்கு, அதாவது எல்லோரும் டிஎல்சி என்று சொல்வதற்கு, எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அதை வாங்கி 14 நாளுக்குள் இருக்க வேண்டும். வாங்கிய பிறகு மூல கேமை 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருக்க வேண்டும். அந்த உள்ளடக்கத்தைப் பயன்படுத்தியோ மாற்றியோ இருக்கக்கூடாது. இதற்கு முன் விளையாடிய 31 மணி இந்தக் கணக்கில் வராது. உங்களுக்கு ஓடியிருப்பது நாற்பது நிமிடம்தான். ரூ.1,099 திரும்ப வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் 'ஒரு தடவை எட்டிப் பார்ப்போமே' என்று கேமைத் திறந்து மெனுவிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாலும் கடிகாரம் ஓடும். பலர் இப்படித்தான் இரண்டு மணியைத் தாண்டிவிடுகிறார்கள். பாத்திரத்தின் நிலையைத் திரும்பப் பெற முடியாதபடி உயர்த்துகிற சில டிஎல்சிகளுக்கு ரீஃபண்ட் கிடையாது. அப்படியானால் கடைப் பக்கத்திலேயே அதைக் குறித்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீம் ஹெல்ப் பக்கத்தில் உங்கள் அண்மைய கொள்முதல் பட்டியலுக்குப் போய், டிஎல்சியை மட்டும் தேர்ந்தெடுத்து ரீஃபண்ட் கேளுங்கள். பணம் கட்டிய வழியிலேயே திரும்ப வேண்டுமா, ஸ்டீம் வாலட்டிலா என்று கேட்கும். காரணம் எழுதும் பெட்டியில் கோபத்தைக் கொட்டாமல், ட்ரெய்லரில் காட்டிய பாத்திரம் மூல கேமில் இல்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரி பின்னால் உங்களுக்கே ஆவணமாகும்.

மற்ற கடைகளில் விதி இவ்வளவு தாராளம் இல்லை. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் 14 நாள் அவகாசம் உண்டு, ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டாலே உரிமை போய்விடும். தானாக இறங்கும் வசதியை ஆன் செய்து வைத்திருப்பவர்கள் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ரிலீஸ் அன்றே விற்றால் அது வெட்டி எடுத்ததுதானா?

கோபம் நியாயமானது. ஆனால் 'முதல் நாளே விற்கிறார்கள், ஆகவே என் கேமிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள்' என்ற முடிவு அப்படியே நிற்காது.

ஒரு பெரிய கேம் முடிந்த அன்றே கடைக்கு வருவதில்லை. முதலில் புதிய உள்ளடக்கம் சேர்ப்பதை நிறுத்துவார்கள். பிறகு பிழை திருத்தம். பிறகு சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ போன்ற கன்சோல் (கேம் கருவி) நிறுவனங்களின் சான்றிதழ் பரிசோதனை. பிறகு டிஸ்க் அச்சடித்து உலகம் முழுக்க அனுப்ப வேண்டும். இத்தனைக்கும் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். பிழை திருத்துபவர்களுக்கு அப்போது வேலை குவிந்திருக்கும். ஓவியர்கள், காட்சி வடிவமைப்பாளர்கள், கதை எழுதுபவர்களுக்கோ மூல கேமில் செய்ய ஒன்றும் இருக்காது. அந்த இடைவெளியில் தனி பட்ஜெட்டில் உருவாகும் அத்தியாயம் ரிலீஸ் தேதிக்குள் முடிந்துவிடுவது சாதாரணம். டிஸ்க்கில் சேர்க்க அது பிந்திவிட்டது, விற்பதற்கோ முந்திவிட்டது.

இந்த விளக்கம் உண்மைதான், ஆனால் முழு பதில் ஆகாது. இன்றைக்குப் பல பெரிய கேம்கள் முதல் நாளே அப்டேட்டோடுதான் வருகின்றன. பிந்தி முடிந்ததை அதோடு சேர்த்து இலவசமாகவும் இறக்கலாம். விலை வைத்தது வணிக முடிவு. அந்த முடிவை எடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. மூல கேமுக்கு என்ன விலை, அதில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் நிர்ணயிக்கவில்லை.

அப்படியானால் எது நியாயம், எது நியாயமில்லை? நான் இரண்டு கேள்விகளை மட்டும் வைத்துப் பார்ப்பேன். பணம் வாங்கும் முன் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெளிவாகச் சொன்னார்களா? அந்தத் துண்டு இல்லாமல் மூல கேம் தன்னளவில் முழுமையாக நிற்கிறதா? எந்தத் தேதியில் விற்றார்கள் என்பது இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

2012 மார்ச்சில் வெளிவந்த மாஸ் எஃபெக்ட் 3 இதில் அதிகம் பேசப்பட்ட உதாரணம். 'ஃப்ரம் ஆஷஸ்' என்ற அத்தியாயத்தை ரிலீஸ் அன்றே 10 டாலருக்கு விற்றார்கள். கலெக்டர்ஸ் எடிஷன் வாங்கியவர்களுக்கு அது சேர்ந்தே வந்தது. அதில் கிடைக்கும் ஜாவிக் என்ற துணைப் பாத்திரம் புரோதியன் இனத்தைச் சேர்ந்தவன். தொடரின் முதல் கேமிலிருந்தே மொத்தக் கதைக்கும் மையமாக இருந்த, அழிந்துபோன இனம் அது. சான்றிதழுக்குப் போனபின் தனிக் குழு செய்த வேலை என்று தயாரித்த பயோவேர் நிறுவனம் விளக்கம் சொன்னது. ஆனால் அவனுக்கான அடிப்படை ஃபைல்கள் டிஸ்க்கிலேயே இருந்தது தெரியவந்ததும் கோபம் இரட்டிப்பானது. பின்னால் சேர்க்கப்போகும் பாத்திரம் மூலக் கதையோடு பொருந்த அந்தச் சட்டகம் முன்பே இருந்தாக வேண்டும், மீதி 600 எம்பிக்கு மேல் தனியாக இறங்குகிறது என்பது அவர்கள் பதில். தொழில்நுட்பமாக அந்தப் பதிலில் பொருள் உண்டு. ஆனால் அவன் வெறும் ஒரு தனி அறையில் இருக்கிற ஆள் இல்லை. கூட்டிப்போனால் மூல கேமின் பணிகள் நெடுகப் பேசிக்கொண்டே வருகிறான். முதல் கேள்வியில் அந்த நிறுவனம் தேறிவிடும், ஏனென்றால் எந்த எடிஷனில் அவன் உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இரண்டாவது கேள்வியில்தான் தடுமாறுகிறது.

அதே 2012இல் காப்காம் வெளியிட்ட அசுராஸ் ராத் கேமில் கதையின் உண்மையான முடிவையே பிறகு தனியாக விலைக்கு விற்றார்கள். உங்கள் கிளைமாக்ஸ் டிக்கெட் உவமை அதற்கு அப்படியே பொருந்தும். ஆனால் கவனியுங்கள், அது ரிலீஸ் அன்று விற்கப்பட்டதல்ல, பின்னால் வந்தது. தேதியை மட்டும் அளவுகோலாக வைத்தால் அது தப்பித்துவிடும்.

உங்கள் கேம் எந்தப் பக்கம்? முப்பத்தோரு மணி நேரம் விளையாடிவிட்டீர்கள், மூலக் கதை முடிவு வரை போகிறது, போர்வீரன் இல்லாததால் கதையில் ஓட்டை விழவில்லை என்று நீங்களே ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். அதனால்தான் 'முழுமையற்ற கேமை விற்றார்கள்' என்ற வாதத்தை நம்பி நீங்கள் வழக்குக்குப் போக வேண்டாம் என்கிறேன். உங்களிடம் அதைவிட வலுவான வாதம் இருக்கிறது.

ஃபைல் என் கம்ப்யூட்டரில் இருக்கிறதே?

இருப்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. நீங்கள் வாங்கியது பயன்படுத்தும் உரிமம், அதுவும் சொன்ன அளவுக்கு மட்டும். டிஜிட்டல் பொருளை 'வாங்குங்கள்' என்று விற்பவர்கள் இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் சட்டமே இருக்கிறது. ஸ்டீமில் பணம் கட்டும் பக்கத்தில் இப்போது அந்த வரியைப் பார்க்கலாம்.

பூட்டிய ஃபைலை எல்லோருக்கும் இறக்குவதற்கு வேறு காரணமும் உண்டு. ஆன்லைனில் எதிராளி வாங்கிய உடையையும் பாத்திரத்தையும் உங்கள் திரையில் காட்ட வேண்டுமானால், உங்களிடமும் அந்த ஃபைல் இருந்தாக வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன் கேமின் டிஸ்க்கில் 12 பாத்திரங்களைப் பூட்டி வைத்தபோது காப்காம் சொன்னது இதைத்தான். சண்டை கேமில் அது ஓரளவுக்கு ஏற்கத்தக்க விளக்கம். ஆனாலும் டிஸ்க் வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள், அந்த வழக்கத்தை மறுபரிசீலனை செய்வதாக நிறுவனம் அறிவிக்க வேண்டிவந்தது. உங்களுடையது ஒருவர் மட்டும் விளையாடும் கதை கேம். அங்கே இந்தக் காரணம் பொருந்தாது. எனவே ஃபோல்டரில் போர்வீரன் முழுதாக இருக்கிறான் என்பது, 'இதை ரிலீசுக்கு முன்பே முடித்துவிட்டார்கள்' என்று காட்டும் சாட்சியம். அவ்வளவுதான் அதன் பயன்.

நண்பர் சொன்ன வழியில் பூட்டைத் திறக்காதீர்கள். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதை 2 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. ஒரு டிஎல்சிக்காக ஈரோட்டில் யாரும் உங்களைத் தேடி வரப்போவதில்லை என்று நண்பர் சொல்லலாம். ஆனால் நீங்கள் வழக்குப் போட நினைக்கிறவர். அப்படிச் செய்துவிட்டு நுகர்வோர் ஆணையத்தில் நின்றால், எதிர்த்தரப்பின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். போதாததற்கு ஸ்டீம் கணக்கே முடக்கப்படலாம். மாற்றிய ஃபைலோடு சேமித்த ஆட்டம் அடுத்த அப்டேட்டில் திறக்காமலும் போகலாம்.

உங்கள் வலு எங்கே, பலவீனம் எங்கே

பலவீனத்தை முதலில் சொல்கிறேன். நீங்கள் இணைத்திருக்கும் ஸ்க்ரீன்ஷாட்டில், ப்ரீ-ஆர்டர் பக்கத்தின் அடியில் இரண்டு எடிஷன்களையும் ஒப்பிடும் அட்டவணை இருக்கிறது. ரூ.5,499 டீலக்ஸ் பத்தியில் 'கூடுதல் கதை அத்தியாயம்' என்ற வரியில் டிக். ஸ்டாண்டர்ட் பத்தியில் கோடு. 'முன்பே சொல்லிவிட்டோம்' என்று அவர்கள் காட்டப்போவது இதைத்தான். அதை நீங்கள் படிக்கவில்லை என்பது சட்டத்தில் பதில் ஆகாது.

ஆனால் அந்த அட்டவணையில் போர்வீரனின் பெயர் இல்லை. எந்தக் கதை, யார் வருகிறார் என்று ஒரு வார்த்தை கிடையாது. மறுபக்கம், மூல கேமின் ட்ரெய்லரில் அவன் பதினொரு விநாடி வருகிறான். 'தனியாக விற்கப்படும்' என்ற எழுத்து எங்கும் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(28) தவறான விளம்பரம் என்றால் என்ன என்று சொல்லும்போது, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ட்ரெய்லரையும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்கும்.

இரண்டாவது வலு அந்த முகாம் பாத்திரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. வாடிக்கையாளரைத் திசைதிருப்பும் 13 உத்திகள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. அதில் ஒன்று, விளம்பரத்தை வேறு உள்ளடக்கம் போல வேஷமிட்டுத் திரையோடு கலந்துவிடுவது. விற்பனையை ஒரு கதைப் பணியாக எழுதி, பட்டியலில் ஏற்றி, வரைபடத்தில் குறி போட்டு, கதவு வரை நடக்கவைத்து விலையைக் காட்டுவது அதற்குள் வரும் என்று வாதிட இடமிருக்கிறது. இந்த உத்தி புதிதும் அல்ல. 2009இல் வந்த டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ் கேமில், முகாமில் நிற்கும் ஒருவர் உதவி கேட்டுப் பேச்சைத் தொடங்கி, கடைசியில் 7 டாலர் டிஎல்சியில் கொண்டுவிட்டதை அந்தக் காலத்து விளையாட்டாளர்கள் இன்னும் மறக்கவில்லை.

அதே நெறிமுறைகளில் 'ட்ரிப் ப்ரைசிங்' (விலையைத் துளித்துளியாகக் கூட்டுவது) என்ற தலைப்பில், ஏற்கெனவே காசு கட்டிய சேவையை இன்னொன்றை வாங்கினால்தான் அனுபவிக்க முடியும் என்று தடுப்பதும் இருக்கிறது. படித்ததும் 'இதுதான் என் கேஸ்' என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். போர்வீரன் உங்கள் ரூ.3,999க்குள் அடக்கமா என்பதே முதலில் நிரூபிக்க வேண்டிய விஷயம். அதற்கு மறுபடியும் ட்ரெய்லருக்குத்தான் வர வேண்டும். எனவே புகாரில் ட்ரெய்லரை முதலில் வையுங்கள், வேஷமிட்ட விளம்பரத்தை அடுத்து, ட்ரிப் ப்ரைசிங்கைக் கடைசியில்.

உரிம ஒப்பந்தமே ஒருதலைப்பட்சமானது, செல்லாது என்ற வாதத்தையும் உங்கள் நண்பர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இதில் கலக்காதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகாது, சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஆயிரம், நாலாயிரம் ரூபாய்க்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஈரோட்டிலேயே புகார் செய்யலாம்

வெளிநாட்டு கம்பெனி என்பதால் இங்கே ஒன்றும் செய்ய முடியாது என்பது தவறான எண்ணம். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ பிரச்சினை எழுந்த ஊரையோதான் பார்க்க வேண்டும். 2019 சட்டத்தின் 34வது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே புகார் செய்ய வழி வைத்திருக்கிறது. 2020 மின்வணிக விதிகள், இந்தியர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும், டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பாயம்தான் என்று எழுதியிருந்தாலும் அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உறுதி செய்திருக்கிறது.

உண்மையான சிரமம் வேறு இடத்தில். வெளிநாட்டு முகவரிக்கு நோட்டீஸ் சேர்ப்பதும், வந்த உத்தரவை அங்கே நிறைவேற்றுவதும் நாளாகும் வேலை. எனவே படிப்படியாகப் போங்கள், பெரும்பாலான விவகாரம் நடுவிலேயே முடியும்.

முதலில் ஆதாரம். கடைப் பக்கத்தை முழுசாக பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். அது எந்த நாளும் மாறலாம். ட்ரெய்லரின் முகவரி, வெளியான தேதி, போர்வீரன் வரும் நிமிடம் விநாடி, கீழே இருக்கும் விவரிப்பு எல்லாம் வேண்டும். ஆர்டர் மெயில், பில், முகாம் பேச்சிலிருந்து விலைப் பலகை வரை வெட்டாமல் எடுத்த ஒரே ஸ்க்ரீன் ரெக்கார்டிங். எந்தக் கருவியில் எடுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் (சாட்சியச் சட்டம்) 63வது பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்று தர நேர்ந்தால் அது தேவைப்படும்.

பிறகு குறைதீர்ப்பு அலுவலருக்கு மெயில். மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்றது யார் என்று பில்லைப் பார்த்து, கடைக்கும் கேம் நிறுவனத்துக்கும் இரண்டு பேருக்கும் அனுப்புங்கள். கேட்பது என்ன என்று தொகையோடு எழுதுங்கள்.

அது பலிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போனிலோ இணையத்திலோ பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. இது நீதிமன்றம் அல்ல, உத்தரவு போடாது. ஆனால் நிறுவனத்திடம் கேள்வி போகும்.

கடைசியாக மாவட்ட ஆணையம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கட்டிய விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்தால் போதும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அதைவிடக் கூடுதலாக ஆகும் என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள்.

ஒரு லட்சம் கேட்காதீர்கள். ரூ.3,999 முழுவதும் திரும்ப வேண்டும் என்பதும் எடுபடாது, 31 மணி நேரம் அனுபவித்திருக்கிறீர்கள். ரீஃபண்ட் மறுக்கப்பட்டால் டிஎல்சியின் ரூ.1,099, மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்துச் சில ஆயிரம், ட்ரெய்லரில் 'தனியாக விற்கப்படும்' என்ற வரியைச் சேர்க்க உத்தரவு. இவை கேட்டால் கிடைக்கக்கூடியவை. மூன்றாவது கோரிக்கையைத் தயங்காமல் எழுதுங்கள். நியாயமற்ற வணிக நடைமுறையை நிறுத்தவும், திருத்த விளம்பரம் வெளியிடவும் உத்தரவிட ஆணையத்துக்கு 2019 சட்டத்தின் 39வது பிரிவில் அதிகாரம் உண்டு.

பேங்க் வழியும் யூடியூப் வீடியோவும்

பேங்கில் 'இந்தப் பரிவர்த்தனை நான் செய்யவில்லை' என்று சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெற நினைத்தால், வேண்டாம். ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த பாதுகாப்பு, உங்கள் அனுமதி இல்லாமல் போன பணத்துக்குத்தான். நீங்கள் ஓடிபி போட்டுக் கட்டியது அதில் வராது, பொய்ப் புகாராகிவிடும். 'பொருள் சொன்னபடி இல்லை' என்று உண்மையான காரணத்தோடு கார்டு நிறுவனத்திடம் முறையிட வழி உண்டு. ஆனால் பணத்தை பேங்க் வழியாகத் திருப்பினால், விவகாரம் முடியும் வரை கணக்கை முடக்கி வைப்பது கேம் கடைகளின் வழக்கம். ஒன்பது வருடமாகச் சேர்த்த கேம்கள் உங்கள் கணக்கில் இருக்கின்றன என்கிறீர்கள். ரூ.1,099க்காக அதைப் பணயம் வைக்காதீர்கள்.

வீடியோ போடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் 'திருடர்கள்', 'மோசடிக் கும்பல்' என்ற சொற்களைத் தவிருங்கள். அவதூறு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356வது பிரிவில் இன்னும் குற்றமாகவே இருக்கிறது. ட்ரெய்லர் காட்சியை ஒரு பக்கமும் விலைப் பலகையை ஒரு பக்கமும் காட்டி, 'எனக்கு இது முன்பே தெரிவிக்கப்படவில்லை' என்று சொன்னால், அது உண்மையும் உங்கள் கருத்தும். பூட்டைத் திறக்கும் வழியை அதில் காட்டவே கூடாது.

சேனல் விஷயத்தில் இன்னொரு சிக்கல். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் 'நுகர்வோர்' ஆக மாட்டார் என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் கேமை வாங்கியதே வீடியோ போட்டுச் சம்பாதிக்கத்தான் என்று அவர்கள் வாதிடலாம். உங்களுக்கு வேலை இருக்கிறது, சேனல் பொழுதுபோக்கு, கேம் சொந்தக் கணக்கில் சொந்தப் பணத்தில் வாங்கியது. இதைப் புகாரின் இரண்டாவது பத்தியிலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்து அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னால் நம்பகத்தன்மை போய்விடும். வழக்கு முடியும் வரை அந்தக் கேமைப் பற்றிய வீடியோக்களில் விளம்பர வருமானத்தை நிறுத்தி வைப்பது இன்னும் நல்லது.

உங்களைப் போலவே ஏமாந்ததாக உணரும் நாற்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆணையத்துக்கு ஓட வேண்டாம். தவறான விளம்பரம் பலரைப் பாதிக்கும்போது மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமோ எழுத்திலோ மெயிலிலோ புகார் தர நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17வது பிரிவு வழிசெய்கிறது. விளம்பரத்தைத் திருத்தச் சொல்லவும், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த அபராதம் உங்கள் கைக்கு வராது. தனிப்பட்ட பணத்துக்கு மேலே சொன்ன வழிதான். நாற்பது பேரும் ட்ரெய்லரைப் பார்த்த தேதி, வாங்கிய எடிஷன், கட்டிய தொகை மூன்றையும் ஒரே அட்டவணையில் நிரப்பி, பில்களை இணைத்து ஒரே புகாராக அனுப்புங்கள்.